எழுத்துக்கூட்டும் குழந்தை சொல்லாகப் படிக்க: அடிக்கடி வரும் 60 தமிழ்ச் சொற்களைப் பழக்கும் முழுமையான வழிகாட்டி

ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று "அந்தப் பூனை எங்கே?" என்ற வரியைப் படிப்பதைக் கேட்டுப் பாருங்கள். "அ… இந்… த… இப்… பூ… னை…" என்று விரல் வைத்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகும். வரி முடியும்போது தொடக்கம் மறந்துவிடும். எழுத்தெல்லாம் தெரியும், ஒன்றில்கூடப் பிழை இல்லை. ஆனாலும் "என்ன படித்தாய்?" என்று கேட்டால் பதில் வராது.

இந்தக் குழந்தைக்கு எழுத்தை மறுபடி சொல்லித்தருவதால் பயனில்லை. சிறுவர் கதை எதைப் புரட்டினாலும் அது, ஒரு, அந்த, என்று, இல்லை, வந்தது, இருந்தது போன்ற சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் வந்துகொண்டே இருக்கும். அவற்றைப் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடிந்தால், வரியில் கூட்டிப் படிக்க வேண்டியவை ஒன்றிரண்டு சொற்களாகச் சுருங்கிவிடும். மீதிக் கவனம் கதைக்குப் போகும். அப்படிப்பட்ட 60 சொற்களை, நாளுக்கு 10 நிமிடமாக, சுமார் 15 வாரங்களில் பழக்கும் முறை இது. பெற்றோர், தாத்தா பாட்டி, ஆசிரியர் யாரும் செய்யலாம்.

ஆங்கில முறையை அப்படியே எடுக்காதீர்கள்

பள்ளியிலிருந்து 'சைட் வேர்ட்ஸ்' (sight words, அதாவது பார்த்த மாத்திரத்தில் படிக்க வேண்டிய சொற்கள்) என்று ஒரு பட்டியல் வீட்டுக்கு வருவது இப்போது வழக்கம். அந்தப் பட்டியல்கள் பலவற்றுக்கும் மூலம் அமெரிக்கக் கல்வியாளர் எட்வர்ட் வில்லியம் டால்ச் 1936இல் வெளியிட்ட 220 சொற்கள். அவற்றில் பெயர்ச்சொற்கள் கிடையாது. 'வாஸ்' (was), 'செட்' (said), 'ஆஃப்' (of) போன்ற ஆங்கிலச் சொற்களில் எழுத்து ஒன்றும் ஒலி ஒன்றுமாக இருப்பதால், அட்டையைத் திரும்பத் திரும்பக் காட்டி, முழுச் சொல்லையும் படம்போல மனத்தில் ஏற்றும் பழக்கம் அங்கே வேரூன்றியது.

தமிழில் அந்தத் தேவை இல்லை. எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. அதையும் மீறிப் படமாக மனப்பாடம் செய்ய வைத்தால் முதல் 20 சொற்கள் வேகமாக வரும். நமக்கும் மகிழ்ச்சியாக இருக்கும். அதன் பிறகுதான் சிக்கல். அவன், அவள், அவர் மூன்றும் ஒரே படமாகத் தெரியும். 'மரம்' அட்டையைச் சரியாகச் சொன்ன குழந்தை 'மரத்தில்' என்ற சொல் வந்ததும் திகைத்து நிற்கும். தமிழ்ச் சொல் வால் முளைத்து வளரும் சொல். அதை உறைந்த படமாகக் கற்றுக்கொண்டு நெடுந்தூரம் போக முடியாது. எனவே ஒவ்வொரு சொல்லையும் முதலில் எழுத்தால் படிக்கட்டும். சில நாள் அப்படிப் படித்துப் பழகினால், கூட்டாமலேயே வாயில் வந்துவிடும். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

தொடங்க எத்தனை எழுத்து தெரிய வேண்டும்?

247 எழுத்தும் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கீழே உள்ள முதல் தொகுதியின் 10 சொற்களுக்கு வேண்டியவை 14 எழுத்துகள்தான்: அ, இ, எ, ஒ, து, ரு, ன், ன, நா, நீ, வா, போ, யா, ர். இவை தெரிந்தால் தொடங்கிவிடலாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது 5 முதல் 6 வயதுக்குள் அமையும். அதற்கு முன்பே அட்டையைத் தூக்க வேண்டாம். கதை சொல்லுங்கள், பாட்டுப் பாடுங்கள், "அம்மா என்ற சொல் எந்த எழுத்தில் தொடங்குகிறது?" என்று விளையாட்டாகக் கேளுங்கள். அந்த வயதுக்கு அது போதும்.

'போ' என்ற எழுத்தை மட்டும் தனியாகக் கவனியுங்கள். இடப்பக்கம் இரட்டைச் சுழி, நடுவில் ப, வலப்பக்கம் கால். இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகப் பார்க்கும் குழந்தைக்கு இது மூன்று பொருளாகத் தெரியும். பகரத்தை இரு கைகளாலும் அணைத்துக்கொண்டிருப்பது போல மூன்றையும் ஒரே வட்டத்துக்குள் வரைந்து காட்டுங்கள். கெ, கே, கை வரிசைக்கும் இதே வட்டம் உதவும்.

முதல் வேலை: புள்ளி எழுத்தை முன் எழுத்தோடு ஒட்டுவது

மெய்யெழுத்தைத் தனியே உச்சரிக்க முடியாது என்பதால் இக், இங், இச், இம் என்று முன்னால் ஓர் இகரம் சேர்த்துச் சொல்லித்தருகிறோம். அது எழுத்தின் பெயர்தான், ஒலி அல்ல. இது குழந்தைக்குத் தெரியாது. அதனால்தான் 'அம்மா' என்பது 'அ-இம்-மா' ஆகிறது. எழுத்துக்கூட்டும் நிலையிலேயே ஆண்டுக்கணக்கில் தேங்கி நிற்கும் குழந்தைகள் பலரிடம் முதன்மைத் தடை இதுவே.

மாற்றும் வழி எளிது. ஒரே ஒரு விதி சொல்லுங்கள்: "புள்ளி வைத்த எழுத்து தனியாக நிற்காது. முன்னால் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளும்." பிறகு பென்சிலால் சொல்லுக்குக் கீழே வில் போடுங்கள். ஒரு வில்லுக்கு ஒரே மூச்சு.

அவன்: அ, வன்
இந்த: இந், த
வேண்டும்: வேண், டும்
அவர்கள்: அ, வர், கள்
இருக்கிறது: இ, ருக், கி, ற, து

நான்கு எழுத்துள்ள 'வேண்டும்' இரண்டே மூச்சாகிறது. ஐந்து எழுத்துள்ள 'அவர்கள்' மூன்று மூச்சு. முதல் ஒரு வாரம் வேறு எதுவும் செய்யாமல் இந்த வில் போடுவதை மட்டும் செய்யுங்கள். கண், பல், கால், மான், அம்மா, பந்து, வண்டி, தம்பி என்று குழந்தைக்கு நன்றாகத் தெரிந்த 20 சொற்களில் பழகட்டும். முதலில் நீங்கள் வில் போடுங்கள். மூன்றாம் நாள் பென்சிலைக் குழந்தையிடம் கொடுங்கள். புள்ளியைத் தேடித் தேடி வில் போடுவது பிள்ளைகளுக்குப் பிடித்த வேலை. 'பல்' என்பதற்கும் 'பல' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்கும் கண்ணும் இதில் வந்துவிடும்.

அட்டை செய்வது

கடையில் 28 அங்குலம் நீளம், 22 அங்குலம் அகலத்தில் கிடைக்கும் கெட்டியான வெள்ளைச் சார்ட் அட்டை மூன்று வாங்குங்கள். 7 அங்குலம் × 3 அங்குலமாக வெட்டினால் ஒரு சார்ட்டில் 28 அட்டைகள் கிடைக்கும். ஓரத்தில் ஓர் அங்குல அகலத்தில் நீளத் துண்டு ஒன்று மிஞ்சும். எறிந்துவிடாதீர்கள், பின்னால் வேலை இருக்கிறது. ஆங்கிலச் சொல்லுக்கு வெட்டும் சிறிய அட்டையில் 'இருக்கிறது' நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அதனால்தான் 7 அங்குலம்.

கறுப்பு மார்க்கரில், எழுத்தின் உயரம் முக்கால் முதல் ஓர் அங்குலம் வரை இருக்கட்டும். அழகு எழுத்து வேண்டாம். புள்ளி தெளிவாக, எழுத்திலிருந்து விலகி நிற்க வேண்டும். ரகரத்தின் கீழே சாய்ந்த வாலைப் போடாமல் விட்டால் அது துணைக்கால் போலவே தெரியும்; 'யார்' என்ற சொல்லில் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. எ-ஏ, ஒ-ஓ வேறுபாட்டையும் கொஞ்சம் மிகையாகவே எழுதிக் காட்டுங்கள்.

அட்டையைத் தாத்தாவோ பாட்டியோ எழுதுவதாக இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்து 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. அதற்கு முன் எழுதப் பழகியவர்கள் சிலர் ணை, லை, ளை, னை ஆகியவற்றை இன்னும் தும்பிக்கை போட்டும், ணா, றா, னா ஆகியவற்றைச் சுழித்தும் எழுதுவார்கள். 'இல்லை' அட்டையில் ஒரு வடிவம், புத்தகத்தில் வேறு வடிவம் என்றால் குழந்தை குழம்பும்.

முன்பக்கம் படம் போடாதீர்கள். படம் இருந்தால் கண் படத்துக்குத்தான் போகும், எழுத்துக்கு வராது. பின்பக்கம் அந்தச் சொல் வரும் ஒரு சிறிய வாக்கியத்தை எழுதி, அந்தச் சொல்லின் கீழ் மட்டும் கோடிடுங்கள்.

60 சொற்கள்

தொகுதி 1: அது, ஒரு, நான், வா, யார், இது, நீ, போ, என், என்ன

தொகுதி 2: அம்மா, அப்பா, அந்த, அவன், இல்லை, மேல், கீழே, ஆம், இந்த, அவள்

தொகுதி 3: எங்கே, வீடு, நல்ல, பெரிய, வேண்டும், உள்ளே, சிறிய, இங்கே, வேண்டாம், அங்கே

தொகுதி 4: என்று, வந்தது, ஒன்று, இருக்கிறது, அவர்கள், இரண்டு, போனது, எல்லாம், இருந்தது, நாங்கள்

தொகுதி 5: ஏன், சொன்னான், எப்படி, ஆனால், பிறகு, கேட்டாள், உடனே, பார்த்தது, மிகவும், எப்போது

தொகுதி 6: எனக்கு, போல, அதனால், வரை, உனக்கு, கொண்டு, தன், மீண்டும், அதற்கு, தான்

வரிசை ஏன் இப்படிக் கலைந்து கிடக்கிறது என்று தோன்றலாம். அது-இது, அந்த-இந்த, அவன்-அவள் என்று சோடி சோடியாக ஒரே நாளில் சொல்லிக்கொடுக்கத்தான் எல்லோருக்கும் கை வரும். அப்படிச் செய்தால் 'இரண்டில் ஒன்று' என்பது மட்டும் மனத்தில் நிற்கும், எது எது என்பது நிற்காது. முதலில் 'அந்த' நன்றாகப் பதியட்டும். சில நாள் கழித்து 'இந்த' வரட்டும். இரண்டும் உறுதியான பிறகு பக்கத்தில் பக்கத்தில் வைத்து "எது மாறியிருக்கிறது?" என்று கேளுங்கள். முதல் எழுத்து மட்டும் மாறுவதைக் குழந்தையே கண்டுபிடிக்கும். அது தெரிந்துவிட்டால் எந்த. அங்கே, இங்கே, எங்கே. அப்படி, இப்படி, எப்படி. அவ்வளவு, இவ்வளவு, எவ்வளவு என்று ஒரு கூட்டமே கைக்கு வரும். அ தூரத்தைச் சுட்டும், இ பக்கத்தைச் சுட்டும், எ கேள்வி. பட்டியலில் இல்லாத சொற்களையும் இந்தத் திறவுகோல் திறந்துவிடும்.

உங்கள் குழந்தையின் பாடப்புத்தகத்தில் வேறு சொற்கள் அடிக்கடி வந்தால் பட்டியலை மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்து பக்கம் புரட்டி, மூன்று முறைக்கு மேல் வரும் சொற்களைக் குறித்தாலே போதும்.

ஒரு புதுச் சொல், நான்கு நிமிடம்

'வேண்டும்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம்.

1. முதலில் காதுக்கு. அட்டையை மறைத்து வைத்துக்கொண்டு, "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று சொல்லுங்கள். குழந்தை அதே சொல்லை வைத்து வேறு வாக்கியம் சொல்லட்டும்.

2. கைதட்டல். வேண்-டும்: இரண்டு தட்டு.

3. அட்டையைக் காட்டுங்கள். குழந்தை வில் போட்டு, விரலை ஓட்டிப் படிக்கட்டும். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். முதல் முறை அதுவே படித்த சொல்தான் தங்கும்.

4. இடறும் இடத்தைக் காட்டுங்கள். பேச்சில் 'வேணும்' என்கிறோம். அட்டையில் 'டு' இருக்கிறது. அந்த டு எழுத்தின் கீழ் சிவப்புக் கோடு. ஒரு சொல்லுக்கு ஒரு சிவப்புக் கோடுதான். எல்லா இடத்திலும் கோடு போட்டால் எதுவும் தெரியாது.

5. அட்டையைக் கவிழ்த்துவிட்டு எழுதச் சொல்லுங்கள். தட்டில் பரப்பிய ரவையிலோ மணலிலோ விரலால் ஒரு முறை, சிலேட்டில் இரண்டு முறை. பார்த்து எழுதுவதால் அவ்வளவு பயனில்லை. பார்க்காமல் எழுத முயலும்போதுதான் எழுத்து வரிசை மனத்தில் உட்காரும். தவறினால் அட்டையைத் திருப்பி, எந்த எழுத்து விட்டுப்போனது என்று குழந்தையே ஒப்பிடட்டும்.

6. தேடல். வேண்டாம், மீண்டும், வேலை, வேண்டும், வேண்டிய என்று ஒத்த தோற்றமுள்ள ஐந்து சொற்களை எழுதி, உரியதைச் சுட்டச் சொல்லுங்கள். முதல் எழுத்தை மட்டும் பார்த்து ஊகிக்கும் பழக்கத்தை இந்தப் படி முளையிலேயே கிள்ளிவிடும்.

7. பின்பக்க வாக்கியத்தைப் படிக்கட்டும். அட்டையில் தெரிந்த சொல் வாக்கியத்தில் தெரியாமல் போவது மிக இயல்பு. இந்தப் படியை விடவே கூடாது.

பேச்சில் ஒன்று, புத்தகத்தில் ஒன்று

அடிக்கடி வரும் சொற்கள்தான் பேச்சில் அதிகம் தேய்ந்தவை. இருக்கிறது-இருக்கு, ஒன்று-ஒண்ணு, இரண்டு-ரெண்டு, அவர்கள்-அவங்க, நாங்கள்-நாங்க, இல்லை-இல்ல, எங்கே-எங்க, என்று-ன்னு. பிறகு என்றால் 'அப்புறம்', மிகவும் என்றால் 'ரொம்ப'. குழந்தை எழுத்தைச் சரியாகக் கூட்டிவிட்டு, அந்தச் சொல் தனக்குத் தெரிந்த சொல்தான் என்று உணராமல் விழிப்பது இதனால்தான். தெரியாத சொல்லைப் போல ஒவ்வொரு முறையும் புதிதாகக் கூட்டிக்கொண்டிருக்கும்.

ஆகவே இந்தச் சொற்களைப் பொறுத்தவரை, அட்டை எடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே புத்தகத் தமிழில் கதை வாசித்துக் காட்டத் தொடங்குங்கள். கதையைப் பேச்சுத் தமிழுக்கு மாற்றிச் சொல்லாமல், அச்சில் உள்ளபடியே. "ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது" என்ற ஓசை காதில் விழுந்து பழகியிருந்தால், கண் பாதி வேலைதான் செய்ய வேண்டியிருக்கும். வீட்டில் தமிழ் குறைவாகப் புழங்கும் குழந்தைகளுக்கு, சிங்கப்பூரிலோ கனடாவிலோ வளர்பவர்களுக்கு, இந்தக் கேட்கும் பகுதியை இரண்டு மூன்று வாரமாக நீட்டுங்கள். காதில் இல்லாத சொல் கண்ணில் நிற்காது.

'இருக்கிறது' அட்டையை மட்டும் கொஞ்சம் பொறுமையாகச் செய்யுங்கள். 'இரு' முடிந்த இடத்தில் ஒரு மடிப்பு, 'க்கிற' முடிந்த இடத்தில் ஒரு மடிப்பு. மடித்தால் 'இரு' மட்டும் தெரியும். அது குழந்தைக்குத் தெரிந்த சொல். "இரு, வரேன்" என்று நாள் முழுவதும் கேட்பது. முதல் மடிப்பைத் திறந்தால் 'இருக்கிற'. அடுத்ததைத் திறந்தால் 'இருக்கிறது'. நான்கைந்து முறை மடித்துத் திறந்து படித்த பிறகு, போகிறது, வருகிறது, ஓடுகிறது ஆகியவற்றைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். நடுவில் 'கிற' இருப்பதைச் சுட்டிக்காட்டத் தேவையிருக்காது.

குழந்தை அட்டையைப் பார்த்து "இருக்கு" என்று படித்தால் திட்டாதீர்கள். பொருள் புரிந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம். "ஆமாம், பேசும்போது இருக்கு. புத்தகம் எப்படிச் சொல்கிறது? கடைசி எழுத்தைப் பார்" என்று சொன்னால் போதும்.

ஒலிப்பில் உண்மையாகவே கற்றுத்தர வேண்டிய துண்டுகள் சிலவே. 'ன்று' என்பதில் இடையே ஒரு டகரச் சாயல் வரும் (என்று, ஒன்று). 'ற்ற', 'ற்கு' ஆகியவற்றில் ற் கிட்டத்தட்ட 'ட்' போல ஒலிக்கும் (காற்று, அதற்கு). இவற்றைத் துண்டாகவே பழக்குங்கள். வீடு, ஒன்று போன்ற சொற்களின் இறுதி உகரத்தைக் குவித்து நீட்டாமல், பேசுவது போலச் சுருக்கிச் சொல்லிக்காட்டுங்கள். ல, ள, ழ உச்சரிப்பு வீட்டு வழக்கப்படி இருந்தாலும் இப்போது விட்டுவிடலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரிந்தால் போதும்.

அந்த, அந்தக், அந்தச், அந்தத், அந்தப்

அட்டையில் 'அந்த' சரளமாக வரும். புத்தகத்தில் 'அந்தப் பூனை' வந்ததும் நின்றுவிடும். வல்லினம் மிகும் இடம் என்று பெரியவர்களுக்குத் தெரியும். குழந்தைக்கு அது வேறொரு சொல்.

மிஞ்சிய ஓர் அங்குலத் துண்டை எடுங்கள். அதை அங்குல அங்குலமாக வெட்டினால் 28 சதுரம் கிடைக்கும். க், ச், த், ப் என்று நான்கு சதுரங்களில் எழுதி, அடுக்கி, 'அந்த' அட்டையில் சொல் முடியும் இடத்தில் வைத்து, மேல் ஓரத்தில் ஸ்டேப்லர் அடியுங்கள். நாள்காட்டித் தாள்போல ஒவ்வொன்றாக மேலே புரட்டலாம். இப்போது பக்கத்தில் பொம்மைகளை வையுங்கள். குருவி பக்கத்தில் இருந்தால் க். சிங்கத்துக்கு ச். தவளைக்கு த். பூனைக்கு ப். யானையோ மயிலோ வந்தால் எல்லாவற்றையும் மேலே தூக்கிவிட வேண்டும்: அந்த யானை, அந்த மயில். குழந்தையே விலங்கை மாற்றி, சதுரத்தைப் புரட்டிப் படிக்கட்டும். இலக்கணம் எதுவும் சொல்ல வேண்டாம். "பூனை தன் முதல் எழுத்தின் தம்பியை முன்னால் அனுப்புகிறது" என்றால் புரிந்துகொள்ளும்.

இந்த 60 சொற்களில் சதுரம் தேவைப்படுபவை அந்த, இந்த, எப்படி, எனக்கு, உனக்கு, அதற்கு, போல ஆகிய ஏழும்தான். 28 சதுரம் போதும். ஒரு, நல்ல, பெரிய, சிறிய, என்று ஆகியவற்றின் பின் இப்படி வராது.

வால் பட்டை

தொகுதி 4 முடிந்ததும் இதைத் தொடங்குங்கள். ஓர் அட்டையில் 'மர' என்று எழுதி, அதன் வலப்பக்கம் மேலும் கீழும் இரண்டு பிளவு வெட்டுங்கள். ஒன்றரை அங்குல அகலமும் 12 அங்குல நீளமும் உள்ள பட்டையில் ஒன்றன்கீழ் ஒன்றாக ம், த்தில், த்தை, த்துக்கு, ங்கள் என்று இடைவெளி விட்டு எழுதிப் பிளவில் செருகுங்கள். இழுக்க இழுக்க மரம், மரத்தில், மரத்தை, மரத்துக்கு, மரங்கள்.

இதில் பெரிய வசதி, பட்டையை உருவி 'பழ', 'பட', 'குள' அட்டைகளில் செருகினாலும் பொருந்தும். நான்கு அட்டை, ஒரு பட்டை, 20 சொற்கள். வால் மட்டும் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டால், புதிய சொல்லிலும் பாதி தெரிந்ததாகிவிடும். வீடு, காடு, மாடு போன்றவற்றில் டு இரட்டித்து வீட்டில், காட்டில், மாட்டுக்கு என்று வருவதால் அவற்றுக்குத் தனிப் பட்டை வேண்டும். முதல் பட்டை கைவந்த பிறகு செய்துகொள்ளலாம்.

வாரம் எப்படிப் போக வேண்டும்

திங்களில் இரண்டு புதுச் சொல், புதனில் இரண்டு. மற்ற நாட்களில் புதியது கிடையாது. வாரத்துக்கு 4, 15 வாரத்தில் 60. புதுச் சொல் இல்லாத நாளின் 10 நிமிடத்தைப் பழைய அட்டைக்கு 3 நிமிடம், தேடலுக்கும் எழுதுவதற்கும் 3 நிமிடம், வாக்கியம் படிக்க 4 நிமிடம் என்று பிரித்துக்கொள்ளலாம். ஞாயிறு விடுமுறை. ஒரே நாளில் அரை மணி நேரம் உட்கார வைப்பதைவிட, மூன்று நாள் பத்துப் பத்து நிமிடம் மேல்.

மூன்று டப்பா வையுங்கள்: புதிது, பழகுவது, தெரிந்தது. கூட்டாமல் இரண்டு விநாடிக்குள் சொன்னால் அட்டை அடுத்த டப்பாவுக்குப் போகும். 'தெரிந்தது' டப்பாவுக்குள் நுழைய, மூன்று வெவ்வேறு நாட்களில் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். புத்தக வரியிலும் ஒரு முறை கண்டுபிடித்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அந்த டப்பாவிலிருந்து 10 அட்டையைக் கண்ணை மூடி எடுத்துப் பாருங்கள். தடுமாறியவை 'பழகுவது' டப்பாவுக்குத் திரும்பட்டும். 'பழகுவது' டப்பாவில் 8 அட்டைக்கு மேல் சேர்ந்துவிட்டால் அந்த வாரம் புதுச் சொல்லை நிறுத்துங்கள். ஆர்வத்தில் இதை மீறுவதுதான் பெற்றோர் செய்யும் முதல் தவறு.

விளையாட்டு வேண்டுமென்றால் பாண்டிக் கட்டத்தில் சாக்பீஸால் எட்டுச் சொல் எழுதுங்கள். காலை வைக்கும் கட்டத்தின் சொல்லைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த கட்டத்துக்குத் தாவ வேண்டும். தெருவில் நடக்கும்போது "இங்கே பால் கிடைக்கும்" போன்ற கடைப் பலகையில் தெரிந்த சொல்லைத் தேடச் சொல்லலாம்.

வாக்கியமும் குட்டிப் புத்தகமும்

முதல் தொகுதி முடிந்த உடனேயே புத்தகம் செய்யலாம். இரண்டு ஏ4 தாளை நடுவில் மடித்து ஒன்றினுள் ஒன்று செருகினால் 8 பக்கம். பெயர்ச்சொல் வரும் இடத்தில் படம் வரைந்துவிடுங்கள்: "இது என்ன? இது ஒரு (பந்துப் படம்). இது என் (பந்துப் படம்). நீ யார்? நான் (பூனைப் படம்). நீ போ!" அட்டையில் படம் கூடாது என்றோம், இங்கே படம் இருக்கலாம். படம் நிற்பது குழந்தைக்கு இன்னும் எழுதப் படிக்கத் தெரியாத சொல்லுக்குப் பதிலாக. படிக்க வேண்டிய சொல் எழுத்தில்தான் இருக்கிறது.

இரண்டாம், மூன்றாம் நாளில் புத்தகம் மனப்பாடம் ஆகிவிடும். பார்க்காமலே சொல்லும். அதைச் சோதிக்க, கடைசி வரியிலிருந்து தொடங்கி நடுவில் உள்ள சொற்களை ஆங்காங்கே சுட்டிக் கேளுங்கள். சொல்ல முடியாவிட்டால், அதே சொற்களை வேறு வரிசையில் போட்டுப் புதுப் புத்தகம் செய்யுங்கள்.

மூன்றாம் தொகுதிக்குப் பிறகு அச்சுப் புத்தகம். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ச் சிறுவர் கதைகள் நிலை நிலையாகப் பிரிக்கப்பட்டு இலவசமாகவே கிடைக்கின்றன. முதல் நிலையை எடுங்கள். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படிக்கும் குழந்தை என்றால், 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் உண்டு. குழந்தை எந்த நிலையில் இருக்கிறது என்று ஆசிரியரிடம் கேட்டு, வகுப்பில் நடக்கும் சொற்களையே வீட்டிலும் எடுங்கள்.

படிக்கும்போது குழந்தை நின்றால் ஐந்து விநாடி பேசாமல் இருங்கள். பிறகு சொல்லின் வாலைக் கட்டைவிரலால் மறைத்து முதல் மூச்சை மட்டும் காட்டுங்கள். அதற்கும் வரவில்லையென்றால் சொல்லை நீங்களே சொல்லிவிடுங்கள். குழந்தை அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு வரியை முதலிலிருந்து படிக்கட்டும். "படத்தைப் பார்த்துச் சொல்லு பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது ஊகிக்கப் பழக்கும்.

சரியாக வராதபோது

அவன், அவள், அவர், அவர்கள் என எல்லாம் 'அவன்' என்றே வருகிறதா? கண் சொல்லின் முடிவுவரை போகவில்லை. ஒரு வாரம் கடைசி எழுத்தில் மட்டும் சிவப்புக் கோடு போட்டு, 'அவ' பொதுவாக எழுதிய அட்டையில் ன், ள், ர், ர்கள் மாற்றி மாற்றி வையுங்கள்.

'என்', 'என்ன' மாறி மாறி வருகிறதா? ஒன்றை இரண்டு வாரத்துக்கு எடுத்து ஒளித்துவிடுங்கள். இரண்டையும் சேர்த்து வைத்துத் திருத்த முயன்றால் குழப்பம் முற்றும்.

எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சரியாகச் சொல்லி, சேர்க்க மட்டும் முடியவில்லை என்றால், வில் போடும் முதல் வாரத்துக்குத் திரும்புங்கள். அட்டையைத் தொடவே வேண்டாம். இரண்டு எழுத்துச் சொல்லிலிருந்து மறுபடி.

அட்டையைக் கண்டாலே முகம் சுளித்தால், அட்டைகளை ஒரு வாரம் அலமாரியில் வைத்துவிட்டுக் கதை மட்டும் வாசியுங்கள். மறுபடி எடுக்கும்போது தெரிந்த அட்டை எட்டும் புதிய அட்டை ஒன்றுமாக வையுங்கள்.

மூன்று மாதம் தவறாமல் செய்தும் முதல் தொகுதியே நிற்கவில்லை என்றால், முதலில் கண்ணையும் காதையும் மருத்துவரிடம் காட்டுங்கள். கரும்பலகை மங்கலாகத் தெரிவதையும், காதில் சீழ் வந்து பாதி கேட்பதையும் குழந்தை தானாகச் சொல்லாது. இரண்டும் சரியாக இருந்தால், கற்றல் குறைபாடு பற்றி அறிந்த சிறப்பாசிரியரிடம் காட்டலாம். இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் இதைச் செய்வது நல்லது. சோம்பல் என்றோ கவனமில்லை என்றோ முத்திரை குத்திவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

60 சொற்களும் முடிந்த பிறகு, குழந்தை இதுவரை பார்க்காத கதை ஒன்றில் சுமார் 100 சொல் உள்ள பகுதியை எடுங்கள். படிக்கப் படிக்க, கூட்டிப் படித்த சொற்களைப் பென்சிலால் மெல்லப் புள்ளியிட்டு வாருங்கள். புள்ளி 10க்குள் இருந்து, கதையில் என்ன நடந்தது என்றும் குழந்தையால் சொல்ல முடிந்தால் அட்டைகளைக் கட்டி வைத்துவிடலாம். புள்ளி 10க்கு மேல் போனால், அந்தச் சொற்களில் எவை திரும்பத் திரும்ப வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். மிஞ்சியிருக்கும் வெற்று அட்டைகள் அவற்றுக்குத்தான்.